துணிக் கூடாரத்தில் நான்கு இரவுகள்

'சஃபாரி' என்றதும் நம்மில் பலருக்கு, ஒரு காலத்தில் வீட்டு ஆண்கள் கல்யாணம் கார்த்திகை என்றால் எடுத்து மாட்டிக்கொள்ளும் அந்த சஃபாரி சூட்தான் ஞாபகம் வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசும் ஸ்வாஹிலி மொழியில் அதற்குப் 'பிரயாணம்' என்று அர்த்தம். அங்கே ஒருத்தி பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்குப் போனாலும் அது சஃபாரிதான்!

நான் எழுதப் போவது மிருகங்களைப் பார்க்கப் போகும் சஃபாரி பற்றி. அதிலும் பெரிய ஹோட்டல்களில் தங்காமல், போகுமிடமெல்லாம் கூடாரம் அடித்துத் தூங்கும் ரகம். ஹோட்டல் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியதால் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

என் கொழுந்தனார் நைரோபியில் வேலையாக இருக்கிறார். 2023 பிப்ரவரியில் நானும் என் கணவரும் அங்கே போயிருந்தபோது, கொழுந்தனாரும் ஓரகத்தியுமாக நால்வரும் தான்ஸானியா நாட்டின் அருஷா நகரத்திலிருந்து ஐந்து நாள் பயணம் புறப்பட்டோம். தரங்கிரே, செரங்கெட்டி, ங்கோரோங்கோரோ என்று மூன்று இடங்கள். கடைசிப் பெயர் வாயில் நுழைய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

புறப்படுமுன் ஆண்கள் கேட்ட கேள்வி, "சிங்கம் கிட்டே வருமா?" ஓரகத்தி என் காதோடு கேட்டது வேறு. "அக்கா, ராத்திரி பாத்ரூம் போகணும்னா என்ன பண்றது?" எந்த விளம்பரத் தாளிலும் இதற்குப் பதில் கிடையாது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இதுதானே முதல் கவலை? ஆகையால் அதைப் பற்றியும் கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

முதலில் ஊசி விஷயம். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. அந்த வழியாகப் போகிறவர்கள் தான்ஸானியாவில் நுழையவும், திரும்ப இந்தியாவில் இறங்கவும் தடுப்பூசிச் சான்றிதழ் காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் இங்கே இறங்கியதும் ஆறு நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பிரயாணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியாவுக்கு ஊசி இல்லாமல் மாத்திரை. எந்த மாத்திரை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

துணிமணியில் கறுப்பும் கருநீலமும் வேண்டாம். 'செட்ஸி' என்று ஒரு ஈ இருக்கிறது. அதற்கு இந்த இரண்டு நிறங்களும் அப்படிப் பிடிக்கும்! அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளே நீலமும் கறுப்புமான துணிகள்தான். சட்டைக்கு மேலேயே சுருக்கென்று குத்திவிடும். இன்னொன்று, தான்ஸானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. நான் நம்ம ஊர் மஞ்சள் பைகளையே பத்துப் பதினைந்து மடித்து எடுத்துப் போனேன். அழுக்குத் துணிக்கு, செருப்புக்கு, தின்பண்டத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் அவைதான் உதவின.

எங்களுக்கு ஒரு டிரைவர், ஒரு சமையல்காரர். மேற்கூரையைத் தூக்கிவிட்டால் நின்றுகொண்டே பார்க்க வசதியான லாண்ட் குரூஸர். ஏறும் படி உயரம். மூட்டுவலிக்காரர்கள் ஒரு சின்ன முக்காலி வாங்கி வண்டியிலேயே போட்டுக்கொள்ளலாம். டிரைவர் என்னை "மாமா" என்று கூப்பிட்டதும் இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஸ்வாஹிலியில் மாமா என்றால் அம்மாவாம்!

தரங்கிரேயில் யானைக் கூட்டமும் ஆனைப்புளி மரமும்தான் கண்ணுக்கு நிறைவு. ராமேசுவரம் பக்கம் ஒன்றிரண்டு பார்த்திருப்பீர்களே, பத்துப்பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம், அது அங்கே காடாக நிற்கிறது. பட்டையை யானைகள் தந்தத்தால் குத்தி உரித்துத் தின்ற தழும்பு மரத்துக்கு மரம். நம்மவர்கள் பெயரைச் சும்மா வைக்கவில்லை என்று தோன்றிற்று.

முதல் நாள் வெயிலில் ஓரகத்தி தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் இறங்க வேண்டி வருமே என்ற பயம். சாயந்தரம் தலைவலி, மறுநாள் காலை நீர்க்கடுப்பு. டிரைவர் அனுபவசாலி. முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "மருந்து தோண்ட வேண்டுமானால் சொல்லுங்கள்" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. கொழுந்தனார்தான் விளக்கினார். வழியில் ஒதுங்குவதற்கு அந்த ஊரில் அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்களாம், நம் பாட்டிமார் 'கொல்லைக்குப் போறது' என்று சொல்வது போல!

நுழைவாயில்களிலும் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடங்களிலும் கழிப்பறை உண்டு. அவசரமென்றால் டிரைவர் முதலில் சுற்றுமுற்றும் பார்த்து, புதரில்லாத வெட்டவெளியில் நிறுத்துவார். வண்டியை ஒட்டியே உட்கார வேண்டும்; பத்தடிகூடத் தள்ளிப் போகக் கூடாது. மறைப்புக்கு நான் அருஷா சந்தையில் 'காங்கா' என்ற பருத்தித் துணி வாங்கி வைத்திருந்தேன். ஜோடியாகத்தான் விற்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்வாஹிலிப் பழமொழி அச்சடித்திருக்கிறது. ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி போய்விட்டு வரலாம். நாங்கள் காலையிலிருந்து மாலை நாலு மணிவரை நன்றாகக் குடிப்பது, அதற்குப் பிறகு தாகத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டே நாளில் ஓரகத்தி பழையபடி ஆகிவிட்டாள். எரிச்சலோடு காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. டாக்டரிடம் போயாக வேண்டும்.

அன்றிரவு தங்கியது ம்டோ வா ம்பூ என்ற ஊரில். 'கொசு ஆறு' என்று அர்த்தமாம். பெயரைக் கேட்டதுமே கொசுமருந்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கே தெருவில் நம் நாகர்கோவில் பக்கத்துச் செவ்வாழை போலவே சிவப்பு வாழைப்பழம் குலை குலையாகத் தொங்குகிறது.

இரண்டாம் நாள் செரங்கெட்டி. 14,700 சதுர கிலோமீட்டருக்கு மேல். மாஸாய் மக்களின் பேச்சில் 'முடிவில்லாத சமவெளி' என்று பொருள். தெற்கே, பிப்ரவரியில், வில்டபீஸ்ட் என்ற மாட்டு முகமும் ஆட்டுத் தாடியுமான மிருகங்கள் கன்று போடும் காலம். பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை மழையையும் புல்லையும் தேடி வருஷம் பூரா சுற்றிச் சுற்றி நடக்கின்றன. ஒரு கன்று எங்கள் கண்ணெதிரே தரையில் விழுந்தது. சில நிமிஷத்தில் தள்ளாடி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, தாய் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டது! கழுதைப்புலி ஒன்று தூரத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தது. தாய்க்குப் படுத்து இளைப்பாற நேரமில்லை. நானும் ஓரகத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

செரோநேரா என்ற இடத்தில் இரண்டு இரவு. இங்கேதான் சொன்னார்கள், வேலி கிடையாது என்று. நான் ஏதோ முள்கம்பியாவது இருக்கும் என்று பார்த்தேன். ஊஹும்! சமைக்கவும் சாப்பிடவும் மட்டும் கம்பிவலை அடித்த கட்டிடங்கள். மனிதர் கூண்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட, மிருகம் வெளியே!

டிரைவர் போட்ட கட்டளைகள் நம் வீட்டுப் பெரியவர்கள் பேச்சு மாதிரிதான். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட இருக்கக் கூடாது. நான் கொண்டுபோன பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் வண்டிக்குள் போயின. செருப்பை வெளியே விடாதே, கழுதைப்புலி தூக்கிக்கொண்டு போய்விடும். ஜிப்பைக் கடைசிவரை இழு. "கூடாரம் மிருகத்தின் கண்ணுக்கு ஒரு பாறை. உள்ளே இருக்கும்வரை நீங்கள் பாறை, மாமா. தலையை நீட்டினால் நீங்கள் சாப்பாடு" என்றார். வெளியே போயே ஆகவேண்டுமென்றால், முதலில் டார்ச்சை நாலாபுறமும் சுழற்ற வேண்டும். பளபளவென்று கண்கள் தெரிந்தால் அப்படியே ஜிப்பை மூடிக்கொண்டு அவரைக் குரல் கொடுத்து எழுப்ப வேண்டும்.

எங்களுக்கு அந்த வம்பே வேண்டாம் என்று அருஷாவிலேயே மூடிபோட்ட சின்ன வாளி இரண்டு வாங்கியிருந்தேன். விடிந்ததும் கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிடலாம். இதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வாளியின் அருமை தெரியும். மாதவிலக்கு முன்பின்னாக வரும் வயது என்றால் நாப்கினும் காகிதப் பையும் கூடுதலாக வேண்டும். பயன்படுத்தியதைக் காட்டில் போடவோ புதைக்கவோ கூடாது. திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.

அந்த இரண்டு மணிக்குத்தான் சிங்கம் கத்திற்று. கர்ஜனை என்று கதையில் படித்தது வேறு. இது தூரத்தில் மாவு மில்லை ஓட்டி ஓட்டி நிறுத்துகிற மாதிரி, 'ஹும்... ஹும்...' என்று அடிவயிற்றிலிருந்து. தரையில் விரித்த மெத்தை வழியாக முதுகில் உணர்ந்தேன். எட்டு கிலோமீட்டர் தூரத்துக்குக்கூடக் கேட்குமாம். ஆனால் எது எட்டு, எது எட்டடி என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்? இவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கூடாரத்திலிருந்து, "அண்ணி, தூங்கிட்டீங்களா?" என்று கொழுந்தனார் குரல், மெதுவாக. "தூங்கிட்டேன்" என்றேன்! பிறகு கழுதைப்புலி 'ஊ... ஊப்' என்று கூவிக்கொண்டே சமையல் கட்டிடத்தைச் சுற்றிப் போயிற்று. காலையில் மணலில் அதன் காலடி, எங்கள் கூடாரக் கயிற்றுக்கு இரண்டு முழம் தள்ளி.

சமையல்காரரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரே ஒரு காஸ் அடுப்பில், மாலையில் வந்ததும் டீயும் சோளப்பொரியும், இரவில் சூப்பிலிருந்து எல்லாம். நாங்கள் சைவம் என்றதும் 'ம்ச்சிச்சா' வைத்தார். பார்த்தால் நம் தண்டுக்கீரை இனம்! தேங்காய்ப்பால் விட்டு வேகவைத்து, காரமில்லாத கூட்டு போல. பீன்ஸ் கொட்டையையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்தார். கூடவே 'சப்பாத்தி', பெயரும் அதேதான். ஒரு மிளகாய் கிள்ளிப் போட்டால் நம் வீட்டுச் சாப்பாடு.

நான்காம் இரவு ங்கோரோங்கோரோ. 20, 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலை உள்வாங்கி உண்டான பெரிய கிண்ணம். 600 மீட்டர் ஆழம், 260 சதுர கிலோமீட்டர் அடிப்பரப்பு. கூடாரம் போடுவது கிண்ணத்தின் விளிம்பில். ஊட்டிக் குளிர்! ஸ்வெட்டர், காலுறை, காதுக்கு மஃப்ளர் எல்லாம் வேண்டும். வரிக்குதிரைகள் கூடாரங்களுக்கு நடுவே மாடு மேய்வது போல் புல்லைப் பிடுங்கும் 'சரக் சரக்' சத்தம் ராத்திரி பூரா. விடியுமுன் யானை ஒன்று வந்து தண்ணீர்த் தொட்டியில் துதிக்கையை விட்டுக் குடித்துவிட்டு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சமையல்காரரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று.

அந்தப் பக்கத்தில் மாஸாய் குடும்பங்கள் மாடு மேய்த்து வாழ்கின்றன. குச்சியும் மண்ணும் சாணமும் வைத்து வீடு கட்டுவது அங்கே பெண்கள் வேலை. செரங்கெட்டியிலிருந்து 1959-இல் அவர்களை இங்கே அனுப்பினார்கள். 2022 முதல் இங்கிருந்தும் பலரை வெகுதூரத்துக்கு இடம் மாற்றி வருகிறது அரசு. போக மனமில்லாதவர்களும் இருக்கிறார்கள். கையால் மெழுகிய வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்ணின் மனசு எப்படியிருக்கும் என்று, தலைச்சுமையோடு போன ஒருத்தியைப் பார்த்ததும் நினைத்துக்கொண்டேன். நாங்கள் கட்டிய கட்டணம் அவள் வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேருமோ!

காலை ஆறு மணிக்குக் கிண்ணத்துக்குள் இறங்கினோம். சிங்கம், எருமை, ஏரியில் பூநாரை, வெகுதூரத்தில் கறுப்புக் காண்டாமிருகம் ஒன்று. ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது. அது உள்ளே இறங்குவதில்லையாம். சாப்பிட நிறுத்தும் குளக்கரையில் பருந்துகள் ஜாக்கிரதை! வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று டிரைவர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் கேட்டால்தானே? கையிலிருந்த சப்பாத்தி சுருளை ஒரே பாய்ச்சலில் கொண்டுபோய்விட்டது. நல்லவேளை, விரலில் நகம் படவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. மலேரியா மாத்திரையை வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. ரகத்தைப் பொறுத்து ஒரு வாரமோ நாலு வாரமோ தொடர வேண்டும். அப்புறமும் சில மாதங்களுக்குள், ஏன் ஒரு வருஷத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், "ஆப்பிரிக்கா போய்வந்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அந்த ஊர் மலேரியாவில் ஒரு வகை இரண்டொரு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும். எங்களுக்குக் கொடுத்தது நாலு வார மாத்திரை. தினசரி காலண்டரில் தாள் கிழிக்கும்போதே, இவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று எடுத்து வைத்துவிடுவேன்.