பழந்தமிழ்ச் சான்றோரும் வாழ்வின் பொருளும்: கோப்பெருஞ்சோழன் பாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

கடவுள் நம்பிக்கையின்றி மனித வாழ்வு பொருளுடையதாதல் கூடுமோ என்னும் வினா, மேலைநாட்டு மெய்ந்நூல்களைக் கற்றதனால் நம்மிடையே புகுந்ததென்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது. வினா பழையது; அதற்குத் தமிழ்நாட்டிற் கூறப்பெற்ற விடைகளும் பழையன. அவ்விடைகளைக் கட்சிக்கு மேற்கோளாகக் கொள்ளும் வழக்கம் மிகுந்தமையால், அவற்றை அவை நிற்கும் இடத்தில் வைத்து நோக்குவது அருகிவிட்டது. திருக்குறளுக்கு நேர்ந்ததை நாம் அறிவோம். முதலதிகாரம் கடவுள் வாழ்த்தாதலை ஒரு சாரார் காட்டுவர். அவ்வதிகாரத் தலைப்பிலன்றிக் குறள்களுள் ‘கடவுள்’ என்னுஞ் சொல் வாராமையை மற்றொரு சாரார் காட்டுவர். 1949இல் பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டியபொழுது, இறைமறுப்பாளரும் அந்நூலைத் தமதென்று உரிமை கொண்டாடினர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று.

முதற்கண் ஒன்றனைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். ‘கடவுள் நம்பிக்கை’ என்று நாம் ஒரு சொல்லாற் சுட்டுவது பழைய நூல்களில் மூன்று வேறு கொள்கைகளாக நிற்கின்றது: உலகைப் படைத்தவன் ஒருவன் உளன் என்பது ஒன்று, வினைக்குப் பயன் உண்டு என்பது மற்றொன்று, துறக்கமும் மறுபிறப்பும் உண்டு என்பது பிறிதொன்று. சமணரும் பௌத்தரும் முதலாவதனை மறுத்துப் பின்னிரண்டையும் உடன்பட்டனர். ஆகவே, ‘கடவுளை மறுத்தோர் அறத்தை மறுத்தோர்’ என்னும் முடிபு இந்நாட்டு வரலாற்றுக்கு ஒவ்வாது. மூன்றனையும் ஒருங்கே ஐயுற்றபொழுது என்ன எஞ்சும் என்பதே கடினமான வினா. இவ்வினாவின் பெரும்பகுதியை நேர்நின்று எதிர்கொண்ட பாட்டு ஒன்று புறநானூற்றில் உளது. கோப்பெருஞ்சோழன் பாடிய 214ஆம் பாட்டே அது.

பாட்டின் இடம் நோக்கத்தக்கது. தன்மேற் படையெடுத்து வந்த மக்களொடு போர்செய்ய எழுந்தான் சோழன். புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்துப் பாடிய பாட்டு 213ஆம் எண்ணுடையது. உனக்குப்பின் இவ்வரசு யார்க்கு உரியது என்று வினவும் அப்புலவர், வானோர் உலகத்தார் விருப்பத்தோடு விருந்தாக எதிர்கொள்ளுமாறு நல்லது செய்க என்று கூறி முடிக்கின்றார். அறத்திற்கு அவர் காட்டும் காரணம் மேலுலகம். அரசன் போரொழிந்தான், வடக்கிருந்தான். அந்நிலையில் அவன் பாடிய பாட்டோ, புலவர் துணிந்து கூறிய காரணத்தை ஐயப்பாட்டின் வாய்பாட்டில் வைத்துப் பேசுகின்றது. உயர்ந்த குறிக்கோள் உடையார்க்குத் துறக்க நுகர்ச்சி கிடைத்தலும் கூடும். அந்நுகர்ச்சி இல்லையெனின் பிறவாமை கிடைத்தலும் கூடும். மறுபிறப்பென்பதே இல்லையென்று கொள்ளினும், குற்றமற்ற உடம்போடு புகழை நிறுவி இறத்தல் மிகச் சிறந்தது. இஃது அதன் கருத்து. தொகுத்தோர் இவ்விரு பாட்டையும் அடுத்தடுத்து வைத்தமை பாட்டின் பொருளை நாம் உணர்தற்குப் பெருந்துணை.

மூன்று படிகளாக இறங்கும் இவ்வாதத்தைக் கற்குந்தோறும் பிரெஞ்சு நாட்டறிஞர் பாஸ்கல் நினைவுக்கு வருதல் இயல்பு. 1662இல் மறைந்த அவருடைய குறிப்புகள் 1670இல் நூலாக வெளிவந்தன. இறைவன் உளனோ இலனோ என்பதை அறிவால் துணிய இயலாதெனின், உளன் என்று பந்தயம் வைப்பதே ஆதாயம் என்பது அவர் காட்டிய வழி. இருவரும் ‘உண்டெனின், இல்லெனின்’ என்றே எண்ணுகின்றனர். ஆயினும் எண்ணம் செல்லுந் திசை வேறு. பாஸ்கல் அறியவொண்ணாத ஒன்றனை நம்புதற்குக் காரணம் தேடுகின்றார். சோழன், அவ்வொன்று எவ்வாறாயினும் தான் செய்யத் துணிந்தது நிற்குமா என்று ஆராய்கின்றான். பாட்டின் தொடக்கத்தில் அவன் கடிவது நல்வினை செய்வோமோ என்று தயங்குவாரையே. மேலுலகம் உண்டோ என்று ஐயுறுவாரை அவன் கடியவில்லை. அவ்வையத்தைத் தானே தன் பாட்டினுள் இடங்கொடுத்து வைத்திருக்கின்றான்.

திருவள்ளுவர் ஈகை அதிகாரத்து 222ஆம் குறளில், மேலுலகம் இல்லையென்று கூறப்படினும் ஈதல் நன்றே என்னும் கருத்தினைக் கூறுகின்றார். பரிமேலழகர் அக்குறளுரையில், ‘எனினும்’ என்பது அங்ஙனம் கூறுவார் இன்மையை விளக்கி நின்றது என்று குறிக்கின்றார். நுண்ணிய உரையாசிரியரே, எனினும் இவ்விடத்து அவருடைய வைதிகச் சார்பு இலக்கணக் குறிப்பாக உருக்கொண்டுவிட்டது என்பது எம் கருத்து. அங்ஙனம் கூறுவார் தமிழ்நாட்டில் இருந்தனர். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துச் சமயக் கணக்கருள் ஒருவனாகப் பூதவாதி வருகின்றான். காட்சியளவையன்றிப் பிறவற்றைக் கொள்ளாத அவன், இன்பமும் துன்பமும் இப்பிறப்போடு கழியும் என்கின்றான். அவனை மணிமேகலை மறுக்கும் முறை கருதத்தக்கது. கருதலளவை இல்லையெனின் உன் தாய் தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று வினவுகின்றாள். வினா அளவையியல் பற்றியது. இக்கொள்கையுடையான் தீயவன் ஆதல் வேண்டும் என்று சாத்தனார் அவள் வாயிற் சொல்லை வைக்கவில்லை. பிற்காலச் சமயப் பூசல்களைக் கற்ற கண்ணுக்கு இவ்வமைதி வியப்பளிக்கும்.

இனி, மறுதலையாகக் காட்டத்தக்க சான்றுகளையும் மறைத்தல் கூடாது. உலகத்தார் உண்டென்பதை இல்லையென்பானை 850ஆம் குறள் பேயாக வைக்கின்றது. புறநானூற்று ஆறாம் பாட்டு முக்கட் செல்வர் கோயிலை வலம்வரப் பாண்டியனைப் பணிக்கின்றது. அச்சமுதாயம் கடவுளை அறியாத சமுதாயம் என்பார் நூலை முற்றக் கல்லாதவர். பிசிராந்தையார், தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணமாக மனைவி, மக்கள், ஏவலர், அரசன், தம் ஊர்ச் சான்றோர் ஆகியோரை 191ஆம் பாட்டில் எண்ணுகின்றார். அவ்வெண்ணிக்கையில் கடவுள் இல்லை. ஆயினும் சொல்லாமை மறுத்தலாகாது. அவர் கடவுளை மறுத்தார் என்று இதனால் துணிதல் இழுக்கு. நிறைந்த வாழ்வொன்றைக் கணக்கிட்டுக் காட்ட அவர்க்கு அச்சொல் தேவைப்படவில்லை என்ற அளவிலேயே நாம் நின்றுகொள்ளல் வேண்டும்.

நம்பிக்கை இருந்தும் ஆறுதல் கிட்டாத இடமும் உண்டு. பக்குடுக்கை நன்கணியார் 194ஆம் பாட்டில், ஒரு மனையில் சாப்பறையும் ஒரு மனையில் மணமுழவும் ஒலிக்கும் உலகைக் கண்டு, இதனைப் படைத்தவன் பண்பற்றவன் என்கின்றார். இரந்துதான் உயிர்வாழ்தல் வேண்டுமெனின் படைத்தவன் அலைந்து கெடுக என்று 1062ஆம் குறள் சினக்கின்றது. படைத்தவன் ஒருவனைக் கொண்டாலன்றி அவனை வைதல் இயலாது. ஆகவே இவை நாத்திகம் அல்ல. ஆனால் படைத்தவன் உளன் என்னுங் கொள்கை இவ்விருவர்க்கும் வாழ்வின் பொருளைத் தந்துவிடவில்லை. உலகம் கொடியது என அறிந்தோன் அதனுள் இனியவற்றைக் காணட்டும் என்று கணியார் முடிக்கின்றார். அக்காணுதல் மனிதன் செய்யவேண்டிய தொழிலாகவே விடப்படுகின்றது.

இருதிறத்தாரும் ஒருங்கே வெறுத்ததொன்று உண்டு. அதுவே எம் ஆய்வின் நடுவிடம். ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் 134ஆம் பாட்டில், இம்மையிற் செய்தது மறுமைக்கு ஆகும் என்று கொடுக்கும் வணிகன் அல்லன் அவன் என்கின்றார். அங்கு வரும் ‘அறவிலை’ என்னுஞ் சொல் மணிமேகலையின் 11ஆம் காதையிலும் வருகின்றது. கைம்மாறு செய்ய வல்லார்க்குக் கொடுப்போரை அது குறிக்கின்றது. புறப்பாட்டு மறுமை வாணிகத்தையும் காப்பியம் இம்மை வாணிகத்தையும் ஒரே சொல்லாற் பழித்தல் காண்க. நூற்றாண்டுகள் கழித்துச் சேக்கிழார் திருக்கூட்டத்தின் இயல்பு கூறுமிடத்து, அடியார் வீடுபேற்றையும் வேண்டாதவர் என்கின்றார். கடவுளை உயிர்க்குயிராகக் கொண்ட பத்தியும் தன் உச்சியில் விலை பேசுதலை விட்டுவிடுகின்றது. இவ்வகையில் நாயன்மார்க்கு அண்மையர், மேலுலகத்தை ஐயுற்ற சோழன்தானேயன்றி, அதனைக் கருதிக் கொடுக்கும் வணிகன் அல்லன்.

புகழும் ஒரு விலையன்றோ என்று மாணாக்கர் வினவுவர். வினா முறையானதே. அரசனுக்குப் புகழ் நிற்கும். அவனைப் பாடப் புலவர் உளர். பெயரறியா உழவனுக்கும் நெசவாளிக்கும் யார் உளர்? புகழ் ஒன்றே கடைசிப் பற்றுக்கோடாயின் பெரும்பாலோர் வாழ்வு பொருளற்றதாய் முடியும்; கடவுள் ஒருவன் அறிவான் என்னும் நம்பிக்கை அவர்க்கு ஈயும் ஆறுதலை எளிதிற் புறந்தள்ளல் தகாது. இதற்கு விடை 182ஆம் பாட்டிலேயே கிடைக்கின்றது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதியும் புகழைப் போற்றுபவனே. எனினும் இவ்வுலகம் நிலைபெறுதற்குக் காரணமாக அவன் கூறுவோர்க்குப் பெயரில்லை, ஊரில்லை. அமிழ்தே கிடைப்பினும் தனித்து உண்ணாதவர், தமக்கென முயலாது பிறர்க்கென முயல்பவர் என்னும் இயல்புகளே உள. அவர்களால் உலகம் உளது என்பதே அவர்க்குக் கூறப்படும் சிறப்பு. சோழன் பாட்டிலும் புகழோடு குற்றமின்மை சேர்த்துக் கூறப்படுகின்றது. காண்பாரும் பாடுவாரும் இல்லாவிடத்தும் குற்றமின்மை குற்றமின்மையே.

பிரிவைத் தாங்கும் வகையிலும் அந்நூல் ஒரு நெறியை மட்டும் காட்டவில்லை. பாரியை இழந்து வடக்கிருந்த கபிலர், இம்மையிற் போல மறுமையிலும் அவனொடு உடனுறைவை ஆக்குமாறு உயர்ந்த ஊழினை 236ஆம் பாட்டில் வேண்டுகின்றார். கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருக்க வந்த பொத்தியாரை, மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்தபின் வருக என்று அரசன் போக்கினான். அவர் மீண்டு வந்தபொழுது அவன் நடுகல்லாகியிருந்தான். எனக்குரிய இடம் யாது என்று அக்கல்லை நோக்கி அவர் 222ஆம் பாட்டில் வினவுகின்றார். மறுமையைப் பற்றி அங்கு ஒரு சொல்லும் இல்லை. கல்லாகிய பின்னும் நண்பன் இடம் கொடுத்தான் என்பது அதனையடுத்த பாட்டின் செய்தி.