நம் ஊரே பாடம்: திருமுல்லைவாயிலில் ஒரு களப்பயணம்

"பழைமையான கட்டடம் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்" என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், செஞ்சிக் கோட்டை என்று பதில்கள் வந்தன. அந்த வகுப்பில் பாதிப் பேர் நாள்தோறும் மாசிலாமணீஸ்வரர் கோயிலைக் கடந்துதான் பள்ளிக்கு வருகிறார்கள். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. வரலாறு என்றால் பேருந்தில் ஏறிப் போய்ப் பார்ப்பது என்று நாம்தான் பழக்கிவிட்டோம்.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியர், பெற்றோர், கோயில் அலுவலகம் ஆகியோரின் அனுமதியுடன் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். செலவில்லை, நடந்தே போனோம். குறிப்பேட்டில் மூன்று பத்திகள் மட்டும் போடச் சொன்னேன்: 'நான் பார்த்தது', 'பிறர் சொல்லக் கேட்டது', 'எழுதப்பட்டிருப்பது'.

நான் பார்த்தது

கருவறையின் பின்புறம் நேராக இல்லாமல் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கிறது. இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். பாடி திருவலிதாயம் கோயிலிலும் இதே அமைப்பைக் காணலாம். பொதுவாகச் சிவன் கோயில்களில் நந்தி இறைவனைப் பார்த்திருக்கும். இங்கே இறைவனுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கு நோக்கியிருக்கிறது. கருவறைக்கு முன் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் உள்ளன. எருக்கஞ்செடி அவ்வளவு பருமனாக வளருமா என்ற கேள்வி உடனே எழுந்தது. அதை அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தேன்.

பிறர் சொல்லக் கேட்டது

குறும்பர்களோடு போரிட்ட தொண்டைமான் மன்னனின் யானை முல்லைக் கொடிகளில் சிக்கியது; மன்னன் கொடிகளை வாளால் வெட்டியபோது உள்ளிருந்த இலிங்கத்தின் மீது வெட்டு விழுந்து குருதி பெருகியது. அந்தக் காயத்துக்காகவே ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. ஆண்டுக்கு ஒருமுறை சித்திரையில்தான் அது களையப்படுகிறது. மன்னனுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்டதால் நந்தி வெளியே பார்க்கிறது. எருக்கந்தூண்கள் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை. தலபுராணம் இவ்வாறு சொல்கிறது.

"டீச்சர், வாள் பட்டது நிஜமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஆம் என்றால் நம்பிக்கையை வரலாறு என்று கற்பித்தவளாவேன். இல்லை என்றால் அவன் வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கையை வகுப்பறையில் இகழ்ந்தவளாவேன். "உன் குறிப்பேட்டில் இது எந்தப் பத்தியில் வரும்?" என்று திருப்பிக் கேட்டேன். "கேட்டது" என்றான். அதற்குமேல் மூன்றாம் பத்தி வழிகாட்டியது.

எழுதப்பட்டிருப்பது

சுந்தரர் இத்தலத்தைப் பாடியிருக்கிறார். அவர் காலம் 8ஆம் நூற்றாண்டு என்பது பரவலான கருத்து. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி கட்டிய செய்தி அந்தப் பதிகத்திலேயே வருகிறது. ஆகவே, நிகழ்ச்சி நடந்ததா என்பதற்குப் பதிகம் சான்றாகாவிட்டாலும், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதை வழங்கியது என்பதற்கு அது சான்று. இந்த வேறுபாடு ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குப் புரிகிறது.

அதே பதிகம் இவ்வூரைப் பாலி ஆற்றின் வடகரையில் உள்ளதாகக் கூறுகிறது. பாலி என்பது பாலாறு. இன்று பாலாறு தெற்கே வெகுதொலைவில், கல்பாக்கத்துக்கு அருகில் கடலில் கலக்கிறது. "அப்படியானால் ஆறு எங்கே போச்சு?" என்றாள் ஒரு மாணவி. பாலாறு முற்காலத்தில் வடக்கே ஓடிப் பின்னர் திசை மாறியது என்று ஆய்வாளர்கள் கருதுவதைச் சொல்லி, நிலவரைபடத்தை விரித்தோம். தமிழ்ப் பாடம் புவியியல் பாடமானது.

சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. முழுவதும் வாசிக்க நமக்குப் பயிற்சி வேண்டும். ஆனால் க, ட, ப போன்ற எழுத்துகளைத் தேடச் சொன்னால் மாணவர்களே கண்டுபிடிக்கிறார்கள். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது என்பதைத் தமிழாசிரியர் காட்டலாம். ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடையளித்ததாகச் சோழர் கல்வெட்டுகள் பல கூறுகின்றன. அத்தனை ஆடு எதற்கு, எவ்வளவு நெய் கிடைக்கும் என்பது நல்ல கணக்கு.

கோயிலுக்கு வெளியேயும் பாடம் உண்டு

வழிபாட்டிடம் என்பதால் சில ஆசிரியர்கள் தயங்குவார்கள். இது வழிபாட்டுக்கான பயணமன்று என்று பெற்றோரிடம் முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உள்ளே வர விரும்பாத மாணவருக்குச் சம மதிப்புள்ள வேறு பணி தர வேண்டும். அத்தகைய குழு ஒன்று ரயில் பாதையை எடுத்துக்கொண்டது. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் சென்ற தடம் இதுதான். மின்சார ரயிலின் ஓசையைத் தினமும் கேட்கும் குழந்தைகளுக்கு இது புதிய செய்தி.

"இது எங்க ஊர் இல்ல டீச்சர்" என்றாள் வேலை தேடி வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி. அம்பத்தூர், ஆவடி தொழிற்சாலைகளை ஒட்டிய பள்ளிகளில் இப்படிப் பலர் உண்டு. அவளுடைய ஊரிலுள்ள பழைய இடம் ஒன்றைப் பற்றிப் பாட்டியிடம் கைப்பேசியில் கேட்டு எழுதச் சொன்னேன். ஒரு படிக்கிணற்றின் படத்தோடு வந்து, அதையும் அதே மூன்று பத்திகளில் எழுதிக் காட்டினாள்.

கவனிக்க வேண்டியவை

* ஆசிரியர் ஒருமுறை தனியே சென்று பார்த்துவர வேண்டும்.
* கல்வெட்டின் மீது சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. காலை, மாலைச் சாய்வெயிலில் எழுத்துகள் தாமே தெளிவாகத் தெரியும்.
* படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும். வரைவது அதைவிட நல்லது.
* திரும்பிய மறுநாளே மூன்று பத்திகளையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பேச வேண்டும்.

நமது பண்பாட்டு மரபை மதித்துப் பேணுவது அரசியலமைப்பின் 51அ பிரிவு கூறும் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று. தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்த மாணவன், ஒரு கல்வெட்டின் மேல் சுவரொட்டி ஒட்டப்படுவதைக் கண்டு "அண்ணா, அங்கே எழுத்து இருக்கு" என்று சொன்னால்தான் நாம் அதைக் கற்பித்ததாகப் பொருள். உங்கள் பள்ளிக்கு அருகிலும் ஒரு கோயிலோ மசூதியோ தேவாலயமோ ஏரி மதகோ இருக்கும். அடுத்த களப்பயணத்தை அங்கிருந்து தொடங்கலாம்.