மலைவீட்டுக்கு ஓடை தரும் மின்சாரம்

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் அனைவரும் நகரவாசிகள் அல்லர். குடகு, சிக்கமகளூர் காப்பித் தோட்டங்களிலும், மூணாற்றின் தேயிலைச் சரிவுகளிலும் நம்மவர் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. மலைச்சரிவில் ஒதுங்கி நிற்கும் வீடுகளுள் சில மின்கம்பி எட்டாத தொலைவில் உள்ளன. கம்பி வந்த வீடுகளிலும், ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், விளக்கு எரியப் பல நாள் ஆவதுண்டு. அவ்வேளையில் வீட்டின் பின்புறத்து ஓடையோ இரைச்சலிட்டுப் பாய்ந்துகொண்டிருக்கும். அந்த நீரைக் கொண்டே விளக்கேற்ற இயலுமா என்ற எண்ணம் நமக்கு எழுவது இயல்பே.

இயலும். நம் நாட்டின் நீர்மின்சாரமே சிறிய அளவில்தான் பிறந்தது. 1897-ஆம் ஆண்டு டார்ஜிலிங் அருகே சித்ரபோங் என்னுமிடத்தில் அமைந்த நிலையத்தின் சக்தி 130 கிலோவாட் மட்டுமே. 1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றது. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் உழைத்த சுரங்கங்கள் அதனால் இயங்கின. அப்பெரு நிலையத்திற்கும் நம் வீட்டு ஓடைக்கும் தத்துவம் ஒன்றே: உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் மின்னாக்கியைச் சுழற்றுகிறது.

எவ்வளவு சக்தி கிடைக்கும் என்பதை இரண்டு அளவுகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, நீர் எத்தனை மீட்டர் கீழே இறங்குகிறது என்பது. மற்றொன்று, வினாடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது. இவ்விரண்டையும் பெருக்கி, அதனை மீண்டும் 5-ஆல் பெருக்கினால், சிறு யந்திரத்திலிருந்து எதிர்பார்க்கக்கூடிய வாட் கணக்கு ஏறக்குறைய கிடைத்துவிடும். 20 மீட்டர் வீழ்ச்சியும் வினாடிக்கு 10 லிட்டர் நீரும் இருந்தால் 1,000 வாட். இடைவிடாது ஓடினால் நாளொன்றுக்கு 24 யூனிட். ஒரு குடும்பத்திற்கு இது தாராளம்.

இவ்வளவுகளை நாமே எடுக்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாயையும் ஓர் அளவுகோலையும் கொண்டு, சரிவில் படிப்படியாக இறங்கி வீழ்ச்சியை அளக்கலாம். சிற்றோடையின் நீர் முழுவதையும் ஒரு தகட்டின் வழியே 20 லிட்டர் தகரத்தில் விழச் செய்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தால் நீரின் அளவு தெரியும். இரண்டு வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 10 லிட்டர்.

ஆனால் எந்த மாதத்தில் அளப்பது? காரியம் முழுவதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஆடி மாதத்து ஓடையைக் கண்டு மகிழ்ந்து யந்திரம் வாங்கியவர், பங்குனியிலும் சித்திரையிலும் அது வெறுமனே நிற்கக் கண்டு வருந்த நேரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகள் பல கோடையில் பத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழாகவும் இளைத்துவிடுகின்றன. 10 லிட்டர் 1 லிட்டராகக் குறைந்தால் 1,000 வாட்டும் 100 வாட்டாகக் குறையும். அதுவும் அற்பமன்று, 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் பத்து அதனால் எரியும். ஆயினும் அதனை முன்பே அறிந்து, நீர் குறையுங்காலத்தில் சிறிய வாயுள்ள முனையைப் பொருத்துவதற்கு ஏற்ற யந்திரத்தைத் தேர்ந்திருத்தல் வேண்டும். ஆகையால் ஓராண்டுக் காலம் மாதந்தோறும் அளந்து குறித்துவைப்பது நலம்.

அடுத்து, குழாய். மலிவைக் கருதிக் குறுகிய குழாயை வாங்குவது நஷ்டமாகவே முடியும். 100 மீட்டர் நீளமுள்ள 4 அங்குலக் குழாயில் வினாடிக்கு 10 லிட்டர் நீர் சென்றால், உராய்வினால் இழக்கும் வீழ்ச்சி சுமார் ஒன்றரை மீட்டர். அதே நீரை 2 அங்குலக் குழாயில் செலுத்த முயன்றால், நமது 20 மீட்டர் வீழ்ச்சி முழுவதும் உராய்வுக்கே போதாது. குழாயின் வாயில் சருகைத் தடுக்கும் கம்பிச் சல்லடையும், அதற்கு முன் மணல் படியும் தொட்டியும் அவசியம். கீழேயுள்ள வால்வை மெல்லவே மூட வேண்டும். சட்டென மூடினால் ஓடிவந்த நீரின் வேகம் குழாயையே பிளந்துவிடக்கூடும்.

யந்திரத்தில், உயரமான வீழ்ச்சிக்கும் குறைந்த நீருக்கும் பெல்டன் சக்கரம் ஏற்றது. அதன் விளிம்பிலுள்ள சிறு கிண்ணங்களில் நீர் பீறிட்டு மோதும். வீழ்ச்சி குறைந்து நீர் மிகுந்த இடங்களுக்கு வேறு வகைச் சக்கரங்கள் உண்டு. வீட்டில் விளக்குகளை அணைத்தால் பளு குறைந்து சக்கரம் மிகு வேகத்தில் ஓடும். அதனைத் தடுக்க, மிஞ்சும் மின்சாரத்தை நீர் காய்ச்சும் சுருளுக்குத் திருப்பிவிடும் கருவி ஒன்று உண்டு. குளிர் மிகுந்த மலைநாட்டில் வெந்நீர் வீணாவதில்லை.

கோடைக் குறைவுக்குப் பரிகாரமும் இயற்கையிலேயே இருக்கிறது. ஓடை மெலியும் மாதங்களில் வெயில் மிகுதி. மேகம் மூடிச் சூரியத் தகடுகள் சோரும் மாதங்களில் ஓடை நிறைந்து பாயும். ஆகவே சிறிய யந்திரம் ஒன்றும், சில சூரியத் தகடுகளும், ஒரு மின்கலத் தொகுதியும் சேர்ந்தால், ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்து ஆண்டு முழுவதும் வீட்டில் ஒளி நிலைக்கும்.

இரண்டு கடமைகளை மறத்தலாகாது. அரசு மின்கம்பி இணைப்பும் வீட்டில் இருக்குமாயின், ஒன்றை விலக்கிய பின்னரே மற்றொன்றை இணைக்கும் மாற்றுச் சாவியைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு அமைத்தல் வேண்டும். இல்லையேல் நம் வீட்டு மின்சாரம் பின்னோக்கிச் சென்று, கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியரின் உயிருக்கு உலை வைக்கும். மற்றது, ஓடை நமக்கு மட்டும் உரியதன்று. சக்கரத்தைச் சுழற்றிய நீர் குறையாமல் ஓடைக்கே திரும்புமாயினும், எடுக்கும் இடத்திற்கும் திரும்பும் இடத்திற்கும் இடையே ஓடை வறண்டுவிடக் கூடாது. அங்கே குடிநீர் எடுப்போரும் இருப்பர், மீனினமும் இருக்கும். எனவே ஒரு பங்கு நீரை என்றும் ஓடையிலேயே விட்டுவைத்து, அண்டை அயலாரின் சம்மதமும் உரிய அதிகாரிகளின் அனுமதியும் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். வேற்றூரில் வாழும் நமக்கு அவ்வூராரின் நல்லெண்ணமும் ஒரு பெருஞ்செல்வமன்றோ?

ஆகவே முதற்செலவு யந்திரத்திற்கு வேண்டாம். ஒரு தகரமும் ஒரு கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும். வருகிற சித்திரையில் ஓடை தரும் கணக்கைக் கண்ட பின், பணம் செலவிடுவது பற்றி முடிவு செய்வோம்.