சோற்றுப் பார்சல் மட்டும் போதுமா?



கம்பளையில் ஒரு கலியாணம் முடிந்து, என் மச்சான் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காரில் அவர் மனைவி, ஆறு மாதக் கைக்குழந்தை, சீனி வருத்தக்காரியான என் மாமி. இரவு பத்து மணி. மழைத் தூறல், மூடுபனி. புசல்லாவையைத் தாண்டி றம்பொடைக்கு ஏறும்போது, டயரில் காற்று குறைவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

மச்சான் பதறவில்லை. முன்பொரு முறை இதே விளக்கு எரிந்தபோது அவர் நிற்காமலே ஓட்டிப் பத்திரமாகக் கண்டி போய்ச் சேர்ந்திருந்தார். அந்த நம்பிக்கையில் இம்முறையும் ஓட்டினார். பத்து நிமிடத்தில் கார் தள்ளாடியது. இறங்கிப் பார்த்தால் டயர் கிழிந்து, இரும்பு ரிம் பாதையில் உரசிக்கொண்டிருந்தது! டிக்கியைத் திறந்தார். சோற்றுப் பார்சல் இருந்தது, வட்டிலப்பம் இருந்தது, பிள்ளையின் பை இருந்தது. ஸ்பேர் வீல் இல்லை. ஜாக்கியும் இல்லை.

இது எப்படி நேர்ந்தது? இதில் நம் எல்லோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

மாறியது டயர் மட்டுமல்ல

பி.எம்.டபிள்யூ., மினி போன்ற வாகனங்கள் பலவற்றில் 'ரன் ஃபிளாட்' என்னும் டயர் வருகிறது. இதன் பக்கச் சுவர் தடித்தது. காற்று முழுதாக இறங்கினாலும் அது மடங்காமல் காரைத் தாங்கும். பொதுவாக மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீற்றர் வரை ஓட்டலாம் என்பது கணக்கு. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ அந்தத் தூரம்தான். இந்த டயரை நம்பித்தான் அப்படிப்பட்ட கார்களில் ஸ்பேர் வீலும் ஜாக்கியும் வைப்பதில்லை.

ஆனால் இந்த டயரின் விலை அதிகம். குண்டும் குழியுமான பாதையில் உடம்பைக் குலுக்கும். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் இருந்த காரையே எல்லோரும் பழுது பார்த்து ஓட்டினார்கள். டயர் தேய்ந்தபோது பலர் சாதாரண டயருக்கு மாறினார்கள். மச்சானும் மாறினார். அது தவறல்ல. கைக்கு ஏற்ற செலவுதானே செய்ய முடியும்!

தவறு வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரண டயரில் காற்று இறங்கினால் பக்கச் சுவர் ரிம்முக்கு அடியில் மடங்கி நசுங்கிவிடும். அப்படியே ஓட்ட முடியாது. எனவே விளக்கு அதுவே என்றாலும் அது சொல்லும் செய்தி மாறிவிட்டது. முன்பு, 'மெதுவாகக் கடைக்குப் போ' என்றது. இப்போது, 'ஆபத்தில்லாத முதல் இடத்திலேயே நில்' என்கிறது. டயரை மாற்றிய கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. மச்சானும் கேட்கவில்லை. டயரோடு சேர்த்து ஸ்பேர் வீலையும் கழற்றி எறிந்தது போலாயிற்று.

ரன் ஃபிளாட் இல்லாத சில சிறிய ஜப்பானியக் கார்களிலும் ஸ்பேர் வீலுக்குப் பதிலாக ஒரு மருந்துப் போத்தலும் சிறு காற்றுப் பம்பும்தான் வருகின்றன. ஆகவே 'எங்களுடையது அந்த வகைக் கார் இல்லையே' என்று இருந்துவிடாதீர்கள்.

தவக்குல் என்றால் என்ன?

'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று சொல்லிப் புறப்படுவது நம் வழக்கம். நல்ல வார்த்தை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வருகிறது. யமன் நாட்டார் சிலர் 'நாங்கள் தவக்குல் வைத்தவர்கள்' என்று சொல்லிக்கொண்டு கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் மற்றவர்களிடம் கையேந்தினார்கள். அதையொட்டியே, பயணத்துக்கு வேண்டியதை எடுத்துச் செல்லுங்கள், அதில் சிறந்தது தக்வா என்ற கருத்துள்ள அல்பகராவின் 197ஆம் வசனம் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) கூறியதைப் புகாரி பதிவு செய்கிறது.

ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களை நான்கு மாதம் தீனி போட்டு ஆயத்தமாக வைத்திருந்தார்கள். பாதை தெரிந்தவர் என்பதால், முஸ்லிமல்லாத ஒருவரை வழிகாட்டியாகக் கூலிக்கு அமர்த்தினார்கள். உணவுப் பையைக் கட்டக் கயிறில்லாதபோது அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக் கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். பயண ஆயத்தத்தில் ஒரு பெண்ணின் பங்கு அது! காரை ஓட்டுவது கணவராக இருக்கலாம். ஆனால் 'டிக்கியில் என்ன இருக்கிறது?' என்று கேட்கும் உரிமையும் பொறுப்பும் உங்களுக்கு உண்டு.

என்ன வாங்குவது?

மருந்துப் போத்தல் ஆணி குத்திய சிறு துளையைத்தான் அடைக்கும். அதுவும் டயரின் தரையில் படும் பாகத்தில் மட்டும். தோட்டத்துப் பாதைகளில் கூரான கல் பக்கச் சுவரைக் கிழித்தால் அது உதவாது. போத்தலுக்கும் காலாவதித் திகதி உண்டு. எனவே மலைநாட்டுக் குடும்பத்துக்கு முழு ஸ்பேர் வீலே மேல். உங்கள் காரின் துளை அளவுக்கும் பிரேக்குக்கும் பொருந்துகிறதா என்று ஒருமுறை மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். டிக்கியில் அதற்கென்று குழி இருக்காது. உருளாதபடி இறுக்கிக் கட்டுங்கள். ஒல்லியான தற்காலிகச் சில்லு என்றால் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும்; 80 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

அதோடு ஜாக்கி, வீல் ஸ்பேனர், பூட்டு நட்டு இருந்தால் அதன் சாவி, ஈர மண்ணில் ஜாக்கி புதையாமலிருக்க ஒரு பலகைத் துண்டு, சில்லுக்கு அண்டைகொடுக்க இரண்டு கட்டைகள், டோர்ச், எச்சரிக்கை முக்கோணம், மழை அங்கி, ஒரு போர்வை, தண்ணீர், பிள்ளைக்குப் பால்மா. மாதம் ஒருமுறை காலையில், கார் ஓடுமுன், ஐந்து டயருக்கும் காற்றுப் பாருங்கள். ஸ்பேர் வீலில் காற்றில்லாமல் ஏமாந்தவர்கள் எத்தனை பேர்!

வழியில் நடந்தால்

வளைவில் நிற்காதீர்கள். டயர் நாசமானாலும் பரவாயில்லை, ஊர்ந்து போய் நேரான, சமமான இடத்தில் நிறுத்துங்கள். டயரின் விலையைவிட உயிர் பெரிது. மழை நாளில் வெட்டிய மண் மேட்டின் அடியில் நிற்க வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை வையுங்கள். பிள்ளைகளை இறக்கி, பாதையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். நட்டுகளைத் தளர்த்திய பிறகே ஜாக்கியை உயர்த்த வேண்டும். காருக்கு அடியில் கை, கால், தலை எதுவும் போகக் கூடாது. இறுக்கும்போது எதிரெதிராக இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓடியபின் மறுபடி பாருங்கள். இடம் சரிவு என்றால் முயலவே வேண்டாம், உதவி கேளுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. வழியில் உள்ள ஊர்களின் டயர் கடை இலக்கங்களையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள்.

அன்றிரவு மச்சானுக்கு உதவியவர்கள் பக்கத்துத் தோட்ட லயத்து மக்கள். ஓர் இளைஞர் டோர்ச்சோடு ஓடிவந்து சில்லுக்குக் கல் வைத்தார். அவருடைய அம்மா குழந்தையையும் மாமியையும் வீட்டுக்குள் அழைத்து, அடுப்படியில் இருக்க வைத்து, இஞ்சித் தேநீர் கொடுத்தார். மாமி அந்த அம்மாவுக்காக இன்றும் துஆச் செய்கிறார். அந்த உதவி அல்லாஹ்வின் கிருபை. ஆனால் விடியும்வரை ஒரு ஏழைக் குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்தது நம் கவனக்குறைவு அல்லவா?

சகோதரிகளே, வரும் வெள்ளிக்கிழமைக்குள் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஒரு ஞாயிறு மாலை வீட்டு முற்றத்தில் கணவரையும் வயதுக்கு வந்த பிள்ளைகளையும் வைத்து ஒருமுறை சில்லைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். அதன்பின் பயண துஆவை ஓதி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுங்கள்.

அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக. ஆமீன்.