பூச்சியை உற்றுப் பார்த்தல்: அன்றும் இன்றும்

பருத்திச் செடியில் கூட்டங்கூட்டமாகத் திரியும் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு அறிவியலில் டிஸ்டெர்கஸ் கோனிகி என்று பெயர். 1775இல் அந்தச் சிற்றினத்தை விவரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ். பெயரில் இருக்கும் கோனிக், 1768இல் தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர். இருவருமே லின்னேயஸின் மாணவர்கள். தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிய பூச்சிகள் பல ஃபப்ரீசியஸின் பார்வைக்குப் போயின. தம் வாழ்நாளில் அவர் ஏறத்தாழ 10,000 பூச்சியினங்களுக்குப் பெயர் சூட்டினார்.

அன்றைய விவரிப்பு பெரும்பாலும் லத்தீனில் ஓரிரு வரிதான். உடலின் நிறம், இறக்கையின் புள்ளிகள், கிடைத்த நாடு, அவ்வளவே. ஒன்றுபோலவே தோன்றும் பல சிற்றினங்கள் பின்னாளில் கண்டுபிடிக்கப்பட்டபோது அந்த வரிகள் போதவில்லை. ஃபப்ரீசியஸ் எந்தப் பூச்சியைச் சொன்னார் என்று தெரிந்துகொள்ள, கோபன்ஹேகனிலும் லண்டனிலும் பாதுகாக்கப்படும் அந்தப் பழைய உடல்களையே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

குறை அவர் உழைப்பில் இல்லை. கைலென்ஸைக் கண்ணருகே பிடித்தால் ஒரு கை அதற்கே போய்விடும். கூட்டு நுண்ணோக்கியிலோ பிம்பம் தலைகீழாகவும் தட்டையாகவும் தெரியும். லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே ஊசி நுழையவும் இடமிருக்காது.

இந்தத் தடையை உடைத்தது, கருக்களை அறுத்து ஆராய ஒரு கருவி தேடிய அமெரிக்க விலங்கியலாளர் ஹொரேஷியோ கிரீனோவின் யோசனை. யேனா நகரத்துக் கார்ல் சைஸ் நிறுவனம் அதை 1897இல் கருவியாக்கி வெளியிட்டது. இரண்டு கண்களுக்கும் சற்றே சாய்ந்த இரண்டு தனிக் குழல்கள். ஒவ்வொரு கண்ணும் வேறொரு கோணத்திலிருந்து பார்க்க, மூளை இரண்டையும் சேர்த்து மேடுபள்ளத்தை உணர்கிறது. உள்ளே இருக்கும் முப்பட்டகங்கள் பிம்பத்தை நிமிர்த்துகின்றன. கீழே இரண்டு கைகளும் வேலை செய்யத் தாராளமாக இடம். இதுவே ஸ்டீரியோ நுண்ணோக்கி. நம் கல்லூரி ஆய்வகங்களில் பலர் பைனாகுலர் என்றே சொல்வார்கள். 1959இல் பாஷ் அண்ட் லோம் நிறுவனம் கொண்டுவந்த ஜூம் வசதியால், கண்ணை எடுக்காமலே உருப்பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது.

ஒரு தலைமுறைக்கு முன்புவரை, பார்த்ததைப் பதிவு செய்ய வரைந்தாக வேண்டும். கண்வில்லைக்குள் கட்டமிட்ட கண்ணாடித் தகடு, எதிரே கிராஃப் தாள். வசதியுள்ள இடத்தில் கேமரா லூசிடா இருக்கும்; பூச்சியின் பிம்பமும் பென்சில் முனையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிய, விளிம்பைத் தடம்பிடித்து வரையலாம். பிறகு ட்ரேசிங் தாளில் மை பேனாவால் புள்ளி புள்ளியாக வைத்து உருவத்தின் திரட்சியைக் கொண்டுவருவார்கள். ஒரு படத்துக்கே நாட்கணக்கில் ஆகும்.

இன்று கருவியின் தலையில் கேமரா. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்தால், மென்பொருள் அவற்றின் தெளிவான பகுதிகளை மட்டும் சேர்த்து, கொம்பு முதல் கால் நகம் வரை துலங்கும் ஒரே படமாகத் தருகிறது. சூடேற்றும் பல்புகளின் இடத்தில் எல்இடி விளக்குகள். பளபளக்கும் வண்டின் முதுகில் ஒளி தெறிக்காமல் இருக்கச் சுற்றிலும் ட்ரேசிங் தாள் வைக்கும் பழைய உத்தி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சிற்றினத்தின் பெயருக்கு ஆதாரமான பூச்சியுடலை, அதாவது மூல மாதிரியைப் பார்க்க லண்டனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த இடத்தில், அதன் படங்கள் பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

விவரிப்பும் நீண்டுவிட்டது. உணர்கொம்புக் கணுக்களின் நீள விகிதம், மயிர்களின் அமைவு, இறக்கை நரம்புகள் எனப் பக்கங்கள் நிறைகின்றன. 2000ஆம் ஆண்டு முதல், புதிய சிற்றினத்துக்குப் பெயர் வைப்பவர் அதற்கு ஆதாரமான மூல மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்றும் சொல்லியாக வேண்டும் என்கிறது விலங்கியல் பெயரிடல் விதி.

இதெல்லாம் வயலுக்கு எதற்கு என்று கேட்கலாம். கரும்பு இடைக்கணுப்புழுவை முட்டையிலேயே அழிக்க அட்டையில் ஒட்டித் தோட்டத்தில் கட்டும் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி, அரை மில்லிமீட்டர் அளவே உள்ள குளவி. அதன் சிற்றினங்கள் ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்திருப்பதால் நெடுங்காலம் தவறான பெயர்களில் வழங்கிவந்தன. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெங்களூரில் சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும் ஆண் குளவியின் இனப்பெருக்க உறுப்பை வைத்து அவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். கொம்பின் நீண்ட மயிர்களைப் பார்த்து ஆணைப் பிரித்தெடுப்பது ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் நடக்கும் வேலை. உறுப்பை ஸ்லைடில் ஏற்றிப் பார்ப்பது கூட்டு நுண்ணோக்கியின் வேலை. சரியான பெயர் தெரிந்தால்தான் சரியான குளவியை வளர்த்து வயலில் விட முடியும்.

இன்று மரபணுச் சோதனையும் துணைக்கு வந்துவிட்டது. ஆனால் எந்த மயிர் முக்கியம், எந்த மேடு தற்செயலானது என்று தீர்மானிப்பது பல ஆயிரம் உடல்களைப் பார்த்துப் பழகிய கண்தான். கேமரா எல்லாவற்றையும் ஒரே தரமாகப் பதிவு செய்கிறது. வரைபவரோ வேறுபாட்டைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறார். அந்தப் பயிற்சி அருகிவிட்டால் எவ்வளவு தெளிவான படமும் பெயரில்லாமலே கிடக்கும்.

விலங்கியலும் வேளாண்மையும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஸ்டீரியோ நுண்ணோக்கியை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். மாணவர் கையில் ஒரு பூச்சியையும் ஒரு பென்சிலையும் கொடுத்து, அதன் முன் உட்கார வையுங்கள்.