விகுதியில் ஒளிந்திருக்கும் கொலையாளி

மர்மக் கதையும் திகில் கதையும் காதல் புதினமும் வகுப்பறைக்கு வெளியே நிற்க வேண்டியவை என்னும் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அவற்றை ஆங்கிலத்தில் படிக்கும் மாணவரை நாம் தடுப்பதில்லை. தமிழில் படிக்கத் தருவதுமில்லை. இதனால் இன்பத்துக்காகப் படிக்கும் மொழி ஒன்று, தேர்வுக்காகப் படிக்கும் மொழி மற்றொன்று என இரண்டும் பிரிந்துபோகின்றன. பதினாறு வயதுக்குள் இப்பிரிவு நிலைபெற்றுவிட்டால் பின்னர் அதை மாற்றுவது அரிது. ஆகவே இவ்வுரையில் சில நூல்களைப் பரிந்துரைக்க விரும்புகிறோம். அவை நல்ல கதைகள் என்பது ஒரு காரணம். மொழியியல் பயின்ற நமக்கு வேறொரு காரணமும் உண்டு. இவ்வகைக் கதைகளின் உயிர்நிலை, எதை எப்போது சொல்வது என்பதில் உள்ளது. தமிழோ சிலவற்றைச் சொல்லாமல் விட எளிதில் இடந்தராத மொழி.

ஒருவர் இருட்டறைக்குள் நுழைகிறார் எனக் கொள்வோம். ஆங்கில வினைச்சொல் அவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டாது. தமிழில் ‘நுழைந்தான்’ என்று எழுதியவுடன் கதையிலுள்ள பெண்கள் அனைவரும் ஐயத்திலிருந்து விடுபடுகின்றனர். ‘நுழைந்தாள்’ என்றால் ஆண்கள் விடுபடுகின்றனர். ‘நுழைந்தார்’ என எழுதித் தப்பலாம். ஆயினும் கத்தியோடு வருபவருக்கு மரியாதைப் பன்மை தந்தால் வாசகர் அஞ்சுவதற்கு மாறாகச் சிரித்துவிடுவார்.

அகதா கிறிஸ்டி 1939-இல் வெளியிட்ட ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ புதினத்தை இந்தக் கண்கொண்டு படிக்கலாம். ஒரு தீவில் பத்துப் பேர் கூடுகின்றனர். அவர்களை வரவழைத்தவர் யாரென்பது எவருக்கும் தெரியாது. வந்த கடிதங்களில் ஒன்றில் ஆண்பெயரும் மற்றொன்றில் பெண்பெயரும் கையெழுத்தாக உள்ளன. இரண்டுக்கும் தலைப்பெழுத்துகள் ஒன்றே. குடும்பப் பெயரும் ஒன்றே. தலைப்பெழுத்துகளைப் பெயரோடு சேர்த்து ஒலித்தால், ‘அறியப்படாதவர்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் கிடைக்கிறது. இந்நூலின் ஒரு பக்கத்தை மாணவரிடம் தந்து, கொலையாளியின் பால் வெளிப்படாமல் தமிழாக்கச் சொல்லுங்கள். பால்காட்டும் விகுதிகளைப் பற்றிய பாடம் அன்றைக்குப் புரிவதுபோல் வேறு எந்நாளும் புரியாது.

தமிழ் எழுத்தாளர் இச்சிக்கலை என்றோ தீர்த்துவிட்டனர். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதத் தொடங்கிய மரபு, தமிழ்வாணன், சுஜாதா, ராஜேஷ்குமார் வரை தொடர்ந்தது. துப்பறியும் கதைகளில் ‘ஒரு கறுப்பு உருவம் சுவரேறிக் குதித்தது’, ‘கையுறை அணிந்த கை கதவைத் திறந்தது’ போன்ற தொடர்களைப் பலரும் படித்திருப்பீர்கள். தேய்ந்த வழக்கு என இவற்றை எள்ளுவோர் உளர். நமக்கோ இது கூர்மையான இலக்கண உத்தியாகப்படுகிறது. எழுவாயை அஃறிணையாக்கிவிட்டால் ஆண்பால், பெண்பால் என்னும் கேள்வியே எழாது. மற்றொரு மறைவிடம் எச்சம். ‘உள்ளே வந்து, விளக்கை அணைத்து, கட்டிலை நெருங்கும் காலடியோசை கேட்டது’ என்னும் தொடரில் மூன்று வினைகள் நிகழ்ந்துவிட்டன. செய்தவர் யாரென்று எந்த விகுதியும் சொல்லவில்லை. முற்றுவினை காட்டிக்கொடுக்கும், எச்சம் காட்டிக்கொடுக்காது.

காத்திக் புனைவுக்கு வருவோம். பாழடைந்த மாளிகை, குடும்ப மறையுண்மை, இறந்தும் அகலாதவர்கள் ஆகியவற்றைக் கொண்ட இவ்வகை, ஹொரெஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட ‘தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ’வில் தொடங்குகிறது என்பர். முதற்பதிப்பில் அவர் தம் பெயரை வெளியிடவில்லை. பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பு எனச் சொல்லி வெளியிட்டார். வரலாற்று ஆர்வம் உடையோர் அதைப் படிக்கலாம். மாணவருக்கு நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம், நடை அலுப்பூட்டும். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ (1818) அப்படியன்று. அதில் படைக்கப்படும் உயிருக்குப் பெயரே இல்லை. தமிழில் அதை ‘அது’ என்பதா, ‘அவன்’ என்பதா? நன்னூல் மக்களையும் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறது. ஆய்வுக்கூடத்தில் உருவானதற்கு அங்கே இடமில்லை. படைத்தவன் வெறுப்போடு ‘அது’ எனலாம். ஆனால் நூலின் நடுப்பகுதியில் அவ்வுயிரே தன் கதையை ‘நான்’ எனச் சொல்லத் தொடங்குகிறது. தனிமையையும் பசியையும் பேச்சுக் கற்ற விதத்தையும் அது விவரிப்பதைக் கேட்டபின் ‘அது’ என எழுத மொழிபெயர்ப்பாளரின் கை தயங்கும். ஷெல்லி எழுப்பிய அறக்கேள்வி, தமிழில் திணைக்கேள்வியாகவே வந்து நிற்கிறது.

டாஃப்னே டு மாரியேயின் ‘ரெபெக்கா’ (1938) உயர்நிலை மாணவருக்கு மிகவும் ஏற்றது. கதை சொல்லும் பெண்ணின் பெயர் இறுதிவரை தெரிவதில்லை. நூலின் தலைப்பாக நிற்பதோ இறந்துபோன முதல் மனைவியின் பெயர். தமிழில் இவ்வகைக்குச் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இருக்கிறது. வீட்டைச் சுற்றும் உருவம் ஆவியா, அறிவியலின் கைவேலையா என்று கணேஷும் வசந்தும் முரண்படுவதே அதன் சுவை.

காதல் புதினத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ (1813) நூலில் நாயகன் ஈற்றில் எலிசபெத்தைப் பெயர்சொல்லி விளிக்கிறான். அவள் அவனை முதற்பெயரால் விளிப்பதேயில்லை. முன்னிலைக்கு ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலம் நெருக்கத்தை இப்படித்தான் அளக்க முடியும். தமிழில் ‘நீங்கள்’ ‘நீ’யாகும் கணம் இருக்கிறது. ரமணிசந்திரன் புதினம் ஒன்றை எடுத்து, யார் யாரை எந்தப் பக்கம் முதல் ‘நீ’ என்கிறார், யார் கடைசிவரை ‘நீங்கள்’ என்கிறார் எனக் குறித்துவரச் சொன்னால், மாணவியர் நம்மைவிட நன்றாக அதை விவாதிப்பர்.

உண்மைக் குற்றங்களை விவரிக்கும் நூல்களில் விளையாட்டுக்கு இடமில்லை. அங்கே வினைமுற்று ஒரு மனிதரின் பெயரைத் தொடுகிறது. தமிழில் ‘கொன்றான்’ வேறு, ‘கொன்றானாம்’ வேறு, ‘கொன்றிருக்க வேண்டும்’ வேறு. முதலாவது சொல்பவரே பொறுப்பேற்பது; இரண்டாவது பிறர் கூற்று; மூன்றாவது அனுமானம்.

நம் கடற்பரப்பில் நிகழ்ந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 1963-இல் சிங்கப்பூரின் சகோதரித் தீவுகளருகே சன்னி ஆங் என்பவரோடு படகில் சென்ற அவருடைய காதலி, முக்குளிக்க நீரில் இறங்கினார், மீளவில்லை. உடல் கிடைக்கவேயில்லை. அவர் பெயரில் காப்புறுதி எடுக்கப்பட்டிருந்தது. வார் வெட்டப்பட்ட நீச்சல் துடுப்பு ஒன்று பின்னர் கடலடியில் கிடைத்தது. 1965-இல் ஜூரிகள் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே ஆங் குற்றவாளி எனத் தீர்மானித்தனர். உடல் கிடைக்காத நிலையில் இந்நாட்டில் கொலைக்குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட முதல் வழக்கு இது. அலெக்ஸ் ஜோசி இதைப் பற்றி ஆங்கிலத்தில் நூலே எழுதியுள்ளார். அதைத் தமிழில் சுருக்கி எழுதப் புகும் மாணவர், ‘இறங்கினார்’ என்பதைத் தயங்காமல் எழுதலாம். படகோட்டி கண்டது அது. ‘கொன்றார்’ என்பதை எவரும் காணவில்லை. அவ்விடத்தில் எந்த வினைவடிவம் பொருந்தும் என்பதை அவரே முடிவுசெய்ய வேண்டும்.

தவறான வினைவடிவம் எவ்வளவு காலம் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு 1944-இல் சென்னையில் நிகழ்ந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கு சான்று. தண்டனை பெற்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்றபின் 1947-இல் விடுதலையாயினர். விடுதலைக்குப் பின்னரும் பேச்சுவழக்கில் ‘ஆம்’ உதிர்ந்த வாக்கியங்கள் உலவிக்கொண்டுதான் இருந்தன.

ட்ரூமன் கபோட்டியின் ‘இன் கோல்ட் பிளட்’ இவ்வகையின் தலைசிறந்த நூல். 1959-இல் கேன்சஸ் மாநிலத்துச் சிற்றூரில் ஒரு குடும்பத்தினர் நால்வர் கொல்லப்பட்டதை விவரிக்கும் இந்நூல் 1966-இல் வெளிவந்தது. எல்லாம் நிகழ்ந்தவையே என ஆசிரியர் உறுதியளித்திருந்தார். ஆனால் புலனாய்வாளர் கல்லறைத் தோட்டத்தில், கொல்லப்பட்ட சிறுமியின் தோழியைச் சந்திக்கும் இறுதிக் காட்சி கற்பனை என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆங்கில இறந்தகாலம் அந்த வேறுபாட்டைக் காட்டவில்லை. தமிழாக்குபவர் ‘சந்தித்தார்’ என்று எழுதினால் அப்பொய்யைத் தம் பொறுப்பில் ஏற்கிறார்; ‘சந்தித்தாராம்’ என்றால் கபோட்டியின் நடையே குலைகிறது. கொலை விவரங்கள் கடுமையானவை என்பதால் முழுநூலைத் தொடக்கக் கல்லூரி மாணவருக்கு மட்டும் தருக. கல்லறைக் காட்சியை வகுப்பில் தமிழாக்க ஒரு பாடவேளை போதும்.