தடை இருக்கு... ஆனா ஹூதிகளுக்கு ஆயுதம் எப்படிப் போகுது?

2024 மார்ச் 6. ஏடன் வளைகுடாவில் சென்ற ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ சரக்குக் கப்பலை ஏமனின் ஹூதி அமைப்பு ஏவிய ஏவுகணை தாக்கியது. 3 மாலுமிகள் பலி. மற்றவர்களை மீட்டது நம்ம ஐ.என்.எஸ். கொல்கத்தா. ஹூதிகளுக்கு ஆயுதம் தரக் கூடாதுன்னு ஐ.நா. தடை போட்டது 2015-லேயே. அப்புறம் எப்படி ஏவுகணை வந்தது?

தடை என்ன சொல்லுது?

2015 ஏப்ரல் 14 அன்று பாதுகாப்பு கவுன்சில் 2216-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 14; ரஷ்யா மட்டும் வாக்களிக்கவில்லை. ஏமனுக்குப் போகும் சரக்கை நாடுகள் தங்கள் துறைமுகம், விமான நிலையங்களில் சோதிக்கணும் என்கிறது அது. நடுக்கடலில் கப்பலை மறிக்கத் தனி அதிகாரம் எதையும் தரவில்லை.

ஓட்டை எங்கே?

2016 முதல் ஜிபூட்டியில் இயங்கும் ஐ.நா. சோதனை அமைப்பு, ஹொடைடா போன்ற துறைமுகங்களுக்குப் போகும் 100 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களைத்தான் பார்க்கும். சின்ன மரத்தோணிகள் அதன் கணக்கிலேயே வராது. 2023 ஜனவரியில் ஓமன் வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படை மடக்கிய ஒரே படகில் 2,116 துப்பாக்கிகள் இருந்தன.

அப்போ எல்லாத்தையும் மறிக்கலாமே?

அங்கதான் சிக்கல். ஏமன் தனக்கு வேண்டிய கோதுமை, அரிசியில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது. வடக்குப் பகுதி மக்களுக்கு ஹொடைடாதான் முக்கிய வாசல். கெடுபிடி கூடினால் முதலில் காய்வது சாதாரண மக்களின் வயிறு.

பேச்சுவார்த்தை?

ஏவுகணைகள் ஹூதிகளிடம் போவதை ஈரான் தடுக்கத் தவறியது என 2018-ல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. ஈரான் மறுத்தது. அது குறித்துக் கவலை தெரிவித்து பிரிட்டன் கொண்டுவந்த வரைவுத் தீர்மானத்தை ரஷ்யா வீட்டோ செய்தது. 2023 மார்ச்சில் சீனாவின் முயற்சியில் சவுதியும் ஈரானும் கைகுலுக்கின. ஆனாலும் கடத்தல் நிற்கவில்லை. 2025 ஜூலையில் 750 டன்னுக்கும் அதிகமான ஈரானிய ஆயுதங்களைப் பிடித்ததாக ஹூதி எதிர்ப்புப் படை அறிவித்தது.

ஆக, தீர்மானத்தில் குறை இல்லாமல் இல்லை. ஆனால் வல்லரசுகள் ஒரே பக்கம் நிற்காத வரை, அந்தக் குறையைச் சரிசெய்யக்கூட வாக்கு கிடைக்காது. அதுவரை விலை கொடுப்பது மாலுமிகளும் ஏமன் மக்களும்தான்.